காசு கொடுத்து வாங்கிய அம்மையும் இலவசமாக மறுக்கப்பட்ட பாலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் வங்காளத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனி மாதங்களில் காசி, அலகாபாத் போன்ற இடங்களில் இருந்து பிராமணர்கள் மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகக் கிராமங்களுக்கு வருவார்கள். அம்மை குத்துவது அவர்களின் தொழில். முந்திய ஆண்டில் அம்மை குத்தப்பட்டவர்களின் கொப்புளங்களில் இருந்து எடுத்து, பஞ்சில் தோய்த்துப் பத்திரப்படுத்திய சீழைக் கங்கை நீர் இரண்டு மூன்று துளி விட்டு நனைத்து, கையில் சிறு கீறல் போட்டு அதன் மேல் வைத்துக் கட்டுவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மீன், பால், நெய் ஆகியவற்றை வீட்டார் விலக்கியிருக்க வேண்டும். குத்திய பிறகு காலையும் மாலையும் குளிர்ந்த நீரால் முழுக்காட்ட வேண்டும். குணமானதும் அம்மை தேவிக்குக் காணிக்கை செலுத்த வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பனியில் மருத்துவராகச் சேர்ந்து, 1760 இல் சில மாதங்கள் வங்காளத்தின் ஆளுநராகவும் இருந்த ஜோன் ஹொல்வெல் 1767 இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலொன்றில் இவற்றையெல்லாம் விபரித்திருக்கிறார். பிள்ளைக்கு எத்தனை கொப்புளங்கள் போட வேண்டும் என்று அந்தப் பிராமணர்கள் வீட்டு வாசலில் நின்று பெற்றோரிடம் கேட்பார்களாம். ஹொல்வெல் கூறும் இன்னொரு விபரம் எமது விடயத்துக்கு முக்கியமானது. ஏழைகளிடம் அவர்கள் பெற்ற கூலி ஒரு பணம் சோழிகள். அன்றைய ஆங்கில நாணயத்தில் அது ஏறத்தாழ ஒரு பென்னி. வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆக, ஏழையும் கூட காசு கொடுத்தே அந்த அம்மையை வாங்கினார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

வாங்கியது ஆபத்தில்லாத பொருளும் அல்ல. தானாக வரும் பெரியம்மை தொற்றியவர்களில் நான்கு ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் உயிரைப் பறித்தது என்றால், இவ்வாறு குத்தி வரவழைத்த அம்மையிலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறக்க நேரிடும். குத்திக்கொண்டவரிடம் இருந்து பக்கத்து வீட்டாருக்குத் தொற்றவும் கூடும். வடஇந்தியாவிலும் வங்காளத்திலும் 'டிக்காதார்' என்று அழைக்கப்பட்ட இந்தத் தொழிலாளர்களை மக்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருந்தார்கள்.

1796 மே 14 ஆம் திகதி இங்கிலாந்தின் கிளஸ்ரர்ஷயரில் எட்வேர்ட் ஜென்னர் என்ற நாட்டுப்புற மருத்துவர் பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்தில் இருந்து நீரெடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். ஆறு ஆண்டுகளில், வியன்னா, கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாகக் கையில் இருந்து கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவரப்பட்டு, 1802 ஜூனில் அது பம்பாயை வந்தடைந்தது. அதே ஆண்டில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பழைய முறையை விடப் பன்மடங்கு பாதுகாப்பானது. அடுத்தவருக்குத் தொற்றாது. கம்பனி அரசாங்கம் அதற்கு ஒரு சோழி கூட கேட்கவில்லை. ஆனால், மக்கள் வேண்டாம் என்றார்கள்.

இந்த முரணை அன்றைய ஆங்கில அதிகாரிகள் அறியாமை என்றும் மூடநம்பிக்கை என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நமது பள்ளிக்கூடப் பாடநூல்களிலும் ஏறத்தாழ அதே விளக்கம்தான் நீண்டகாலம் இருந்துவந்தது. டேவிட் ஆர்னோல்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் கடந்த சில தசாப்தங்களில் ஆவணங்களைத் திரும்பப் புரட்டிய பிறகே வேறொரு சித்திரம் கிடைத்தது.

இலவசம் என்று சொல்லப்பட்ட அந்தத் தடுப்பு மருந்துக்குக் காசாக அல்லாத ஒரு விலை இருந்தது. அக்காலத்தில் அம்மைப்பாலைப் புட்டியில் அடைத்து வைக்கும் வசதி இல்லை. ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்தை எட்டாம் நாள் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்ற வேண்டும். ஆகவே, குத்திக்கொண்ட பிள்ளையைத் தாய் எட்டாம் நாள் மறுபடியும் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாள் கூலி போகும். புண்ணாகி இருக்கும் பிள்ளையின் கையை அந்நியர் ஒருவர் மீண்டும் கீறுவார். அந்த நீர் எந்தச் சாதிக்காரப் பிள்ளையின் உடம்பில் இருந்து தன் பிள்ளைக்கு வந்தது என்ற கேள்வி வேறு. டிக்காதார் கேட்ட ஒரு பணம் சோழியோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று அந்தத் தாய் போட்ட கணக்கை நாம் அவ்வளவு எளிதில் ஏளனம் செய்துவிட முடியாது.

மற்றையது, வாங்கிய பொருள் என்ன என்ற விடயம். டிக்காதாருக்குக் கொடுத்த சோழி வெறுமனே ஒரு கீறலுக்கான கூலியல்ல. பத்தியம், கங்கை நீர், மந்திரம், தேவிக்கான காணிக்கை அனைத்தும் சேர்ந்ததே அந்தச் சேவை. சீதளாதேவியை அடக்கமாக, விருந்தாளியாக வீட்டுக்கு அழைத்து மரியாதையோடு வழியனுப்பும் ஏற்பாடு அது. அரசாங்கத்தின் ஆள் கொண்டுவந்த அம்மைப்பாலில் இவை எவையும் இல்லை. தேவியை அழைக்காமலே அவளின் வேலையைத் தடுக்கும் முயற்சியாகவே அது தோன்றியது.

வங்காள அரசாங்கத்துக்கு இது விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. முதலில் 1865 இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் பழைய முறையைச் சட்டத்தின் மூலம் தடை செய்தார்கள். பிறகு புத்திசாலித்தனமாக ஒரு காரியத்தைச் செய்தார்கள். பழைய டிக்காதார்களையே பிடித்துப் பயிற்சி கொடுத்து, புதிய அம்மைப்பாலைக் குத்துபவர்களாக ஆக்கினார்கள். மக்களிடம் கூலி பெற்றுக்கொள்ளவும் அனுமதித்தார்கள். அரசாங்கத்தின் ஆள் இலவசமாக நீட்டியபோது கையை மறைத்தவர்கள், தெரிந்த டிக்காதார் வந்தபோது அதே மருந்துக்குக் காசு கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டின் நிலைமை வேறு. வங்காளத்தில் போல அம்மை குத்தும் பழைய வழக்கம் அங்கு வேரூன்றியிருக்கவில்லை. ஆகவே மாற்றீடு செய்வதற்கு ஒரு டிக்காதாரும் இல்லை. மாரியம்மனே இருந்தாள். நமது மொழியில் நோய்க்கும் தாய்க்கும் ஒரே பெயர். யாழ்ப்பாணத்தில் 'அம்மாள் வருத்தம்' என்பார்கள். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோவில்களில் இன்றும் நடைபெறும் குளிர்த்திச் சடங்கும், சிங்கள மக்கள் மத்தியில் பத்தினித் தெய்வத்துக்குத் தொற்று நோய்களின் மீது இருப்பதாக நம்பப்படும் அதிகாரமும் இதே நம்பிக்கையின் கிளைகள். ஜென்னரின் மருந்துக்குத் தமிழில் வழங்கிய 'அம்மைப்பால்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனித்தால், அந்த அச்சத்தையும் ஆறுதலையும் ஒருங்கே காணலாம்.

இந்த நம்பிக்கையை வெல்ல முடியாது, ஆனால், பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணிய ஒருவர் சென்னையில் இருந்தார். தமிழர்கள் 'எல்லீசன்' என்று அன்போடு அழைத்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தான் அவர். திருக்குறளுக்கு உரை எழுதியவர். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று கால்ட்வெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாக, 1816 இல் எடுத்துக்காட்டியவர். அவரே அம்மைப்பாலுக்கு ஆதரவாகத் தமிழில் ஒரு கதையை இயற்றினார். சக்திக்கும் மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த அந்தக் கதையில், பசு அம்மை தேவியின் அருளாகவே வருகிறது. புதியதைப் பழையதாகவும் அந்நியமானதைச் சொந்தமானதாகவும் காட்டுவது நோக்கம்.

1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியானது. பசுவின் மடியில் இருந்து எடுத்த நீரைக் கையில் குத்தி அம்மையைத் தடுக்கும் முறை தன்வந்திரியின் பெயரால் வழங்கும் பழைய சமஸ்கிருத நூலொன்றில் இருப்பதாகக் கூறிய அந்தக் கடிதத்தின் கீழே இடப்பட்டிருந்த பெயர் 'கல்வி விரும்பன்'. அதே ஆண்டு மார்ச்சில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் காலமானார். ஆனால், கடிதம் சாகவில்லை. ஐரோப்பிய மருத்துவ ஏடுகள் அதை எடுத்தாண்டன. ஜென்னருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னரே இந்தியர்கள் தடுப்பூசியை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்றாக அது ஊர்சுற்றியது. சென்னை ஆளுநர் அம்தில் பிரபு கூட 1905 இல் கிண்டி கிங் நிலையத்தின் திறப்பு விழாவில் தடுப்பூசியின் தாயகம் இந்தியாவாக இருக்கக்கூடும் என்று பேசினார். இந்த வரலாற்றைத் துருவி ஆராய்ந்த டொமினிக் வுயாஸ்திக் 1987 இல் எழுதிய கட்டுரைக்கு 'பக்திபூர்வமான ஒரு மோசடி' என்று பொருள்படத் தலைப்பிட்டார்.

எல்லிஸின் தமிழ்ப் பற்றின் மீது எமக்கு மிகுந்த மதிப்பு உண்டு. என்றாலும் இந்தக் காரியத்தை மெச்ச மனம் வரவில்லை. மக்களின் நம்பிக்கைக்குள் நுழைந்து பேச வேண்டும் என்று அவர் உணர்ந்தது சரி. ஆனால், பழைய ஏடு என்று புதிய ஏட்டை நீட்டுவது, உண்மை வெளிப்படும் நாளில் மருந்தின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும். அந்த நாள் வருவதற்குள் ஆரம்ப நோக்கமே மறக்கப்பட்டு, பொய் மட்டும் தேசியப் பெருமையாகத் தங்கிவிட்டது என்பது வேறு விடயம்.

இலங்கையில் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரிகளில் ஒருவரான தோமஸ் கிறிஸ்டி, அம்மைப்பால் வருவதற்கு முன்னர் பெரியம்மை இந்தத் தீவில் விளைவித்த நாசத்தைப் பற்றி 1811 இல் ஒரு நூலை வெளியிட்டார். இங்கும் சட்டம் வர 1886 வரை செல்லவேண்டியிருந்தது.

இவையெல்லாம் கீழைத்தேயத்தவரின் விசித்திரம் என்று கருதுபவர்கள் இங்கிலாந்தின் கதையைப் பார்க்க வேண்டும். அங்கும் ஜென்னருக்கு முன்னர் பழைய முறையில் அம்மை குத்துவது நடைமுறையில் இருந்தது. அது நல்ல வியாபாரம். சஃபொக் பிரதேசத்தைச் சேர்ந்த றொபேர்ட் சட்டன் 1757 இல் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தில் கட்டணங்களைத் தரம் பிரித்திருந்தார். கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் தங்குமிடம், தேநீர், வைன், மீன், கோழியுடன் ஒரு மாதத்துக்கு ஏழு கினி. விவசாயிகளுக்கு ஐந்து கினி. அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு மூன்று கினி. அவரது மகன் டானியேல் சட்டன் 1765 இல் ஈட்டிய வருமானம் 6,300 பவுண்கள். 1768 இல் ரஷ்யப் பேரரசி கத்தரினுக்கு அம்மை குத்திய தோமஸ் டிம்ஸ்டேலுக்கு 10,000 பவுண்கள் ரொக்கமும், ஆண்டுக்கு 500 பவுண் ஓய்வூதியமும், பிரபுப் பட்டமும் கிடைத்தன. ஜென்னருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1802 இல் வழங்கிய பரிசுத் தொகையும் அதே 10,000 பவுண்களே.

பின்னர் 1840 இல் பிரித்தானிய அரசாங்கம் பழைய முறையைத் தடை செய்து, அம்மைப்பாலை இலவசமாக்கியது. அதை வழங்கும் பொறுப்பு வறியோர் சட்டத்தின் கீழ் இயங்கிய சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தச் சபைகள்தான் வேலையற்ற ஏழைகளை வதிவிடங்களில் அடைத்து, குடும்பங்களைப் பிரித்து வைத்தவை. அந்த வாசலில் கால் வைப்பதே தன்னை இரந்துண்பவன் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று உழைக்கும் மக்கள் கருதினார்கள். தடுப்பூசி பெறுவதால் ஒருவர் இரவலர் ஆகிவிடமாட்டார் என்று மறு ஆண்டே ஒரு திருத்தச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது.

1853 இல் அது குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்தவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். அடுத்த பிள்ளைகளுக்காகக் கொப்புள நீரெடுக்க விடாத பெற்றோருக்கும் 1871 சட்டத்தின் கீழ் 20 ஷில்லிங் தண்டம். வங்காளத்துத் தாய் முறையிட்ட அதே எட்டாம் நாள் கீறலை லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் மனைவியும் வெறுத்தார். 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு ஜென்னரின் உருவ பொம்மையைத் தூக்கிலிட்டு ஊர்வலம் சென்றார்கள். மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் உரிமையை 1898 இல் சட்டம் அங்கீகரித்தது. விலை பூச்சியமாகி, பிறகு அபராதத்தின் மூலம் பூச்சியத்துக்கும் கீழே தள்ளப்பட்டும், அதாவது குத்திக்கொள்ளாமல் விடுவதற்கே காசு கட்ட வேண்டியிருந்தும், ஒரு கூட்டம் அந்தக் காசைக் கட்டத் தயாராக இருந்தது.

இந்த அனுபவங்களை ஒரு கோட்பாடாக வடித்தெடுக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நடந்தது. காசநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதற்காக நடமாடும் எக்ஸ்றே வண்டிகளை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை தெருத்தெருவாக அனுப்பியது. படமெடுக்கக் கட்டணம் இல்லை, அல்லது பெயருக்கு ஒரு சிறு தொகை. வீட்டு வாசலுக்கே வண்டி வந்தது. ஆனால், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று கண்டறியும் பொறுப்பு கொட்ஃப்றி ஹொக்பாம், இர்வின் றோசென்ஸ்டொக் முதலிய சமூக உளவியலாளர்களிடம் விடப்பட்டது.

ஹொக்பாம் பொஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ரோயிட் ஆகிய மூன்று நகரங்களில் 1,200க்கும் அதிகமான வளர்ந்தோரைச் சந்தித்து விசாரித்தார். 1958 இல் வெளியான அவரது முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தனக்கும் காசநோய் வரக்கூடும், நோய்க்குறி தோன்றுவதற்கு முன்னரே கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்ற இரண்டு நம்பிக்கைகளும் உடையவர்களில் 82 சதவீதமானோர் தாமாகவே சென்று ஒரு தடவையாவது எக்ஸ்றே எடுத்திருந்தார்கள். இரண்டு நம்பிக்கையும் இல்லாதவர்களில் 21 சதவீதமானோரே எடுத்திருந்தார்கள். இரு சாராருக்கும் வண்டி ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான்.

'சுகாதார நம்பிக்கை மாதிரி' என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் கோட்பாடு இவ்வாறு பிறந்ததே. நோய் என்னைப் பிடிக்குமா, பிடித்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும், மருந்தால் பயன் உண்டா, அதற்கு நான் கொடுக்க வேண்டியது என்ன, இப்போதே செய் என்று என்னைத் தூண்டுவது எது என்ற கேள்விகளைச் சுற்றியே அது நிற்கிறது. பணம் இதில் நான்காவது கேள்வியின் ஒரு பகுதி மாத்திரமே.

போலியோ தடுப்பூசி இதற்குப் பொருத்தமான இன்னொரு சோதனையாக அமைந்தது. 1955 ஏப்ரலில் ஜோனாஸ் சோல்க்கின் தடுப்பூசி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் பெற்றோர் தமது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆனால், பதின்ம வயதினரும் இளம் வயதினரும் அசையவில்லை. நோயின் பெயரே அவர்களைத் தடுத்தது. ஆங்கிலத்தில் அது குழந்தைகளின் முடக்குவாதம் என்றே அழைக்கப்பட்டது. தமிழிலும் 'இளம்பிள்ளை வாதம்' என்போம். பிள்ளைகளின் நோய் எனக்கேன் வரப்போகிறது? ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் 39 வயதில் அந்த நோயினால் கால்களை இழந்தவர் என்பதை நாடே அறிந்திருந்தும் கூட எண்ணம் மாறவில்லை. கடைசியில் 1956 ஒக்டோபரில் எல்விஸ் பிறெஸ்லியைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் முன்னால் நிறுத்தி ஊசி போட வேண்டியதாயிற்று. எல்லிஸுக்கு ஒரு தன்வந்திரி தேவைப்பட்டது போல அமெரிக்கர்களுக்கு ஒரு எல்விஸ். அவராவது பொய் ஏடு எதையும் காட்டவில்லை, உண்மையாகவே கையை நீட்டினார்.

அப்படியென்றால் விலைக்கு எந்தப் பங்குமே இல்லையா? இல்லை என்று சொல்வது பணக்காரர்களுக்கு வசதியான வாதம். 2022 ஆம் ஆண்டில் இந்தியா இதற்கு ஒரு விடையைத் தந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 10 ஆம் திகதி முதல் 18 தொடக்கம் 59 வயது வரையானோர் கொவிட் தடுப்பூசியின் மூன்றாவது டோஸைத் தனியார் நிலையங்களில் பணம் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஊசி 225 ரூபா, சேவைக் கட்டணம் 150 ரூபாவுக்கு மேற்படக்கூடாது. மூன்று மாதங்கள் கடந்தும், அந்த வயதுப் பிரிவில் இலக்கு வைக்கப்பட்ட 77 கோடிப் பேரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானோரே அதைப் பெற்றிருந்தார்கள். ஜூலை 15 ஆம் திகதி தொடக்கம் 75 நாட்களுக்கு அதையே இலவசமாக்கினார்கள். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. 375 ரூபா என்பது கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் உழைப்பு என்பதை மறந்துவிட்டு நம்பிக்கைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

ஆனால், அந்த ஏற்றமும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த ஆண்டு முடிவில் மூன்றாவது டோஸைப் பெற்றிருந்தவர்கள், தகுதியுடைய வளர்ந்தோரில் கால்வாசியைச் சற்றுத் தாண்டிய அளவினரே. முந்திய ஆண்டு, 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஒட்சிசன் சிலிண்டருக்காக உறவினர்கள் வைத்தியசாலை வாசல்களில் அலைந்த அதே நாடு. அந்த வேளையில் முதலாவது டோஸுக்காகத் தனியார் வைத்தியசாலைகளில் இதைவிடக் கூடிய விலை கொடுக்கவும் மக்கள் முண்டியடித்தார்கள். 2022 நடுப்பகுதியில் நோய் தணிந்துவிட்டது, இனி வந்தாலும் தடிமன் காய்ச்சல் போலத்தான் வரும் என்ற எண்ணம் பரவியிருந்தது. சுவரொட்டிகள் விலை இல்லை என்பதைச் சொல்லின. மூன்றாவது ஊசி எதற்கு என்பதை அவை விளக்கியதாகத் தெரியவில்லை. செய்தியறையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறலாம். 'இலவசம்' என்ற சொல் தலைப்பில் ஏறிவிட்டால், அதற்குக் கீழே காரணத்தை எழுதும் பொறுமை அமைச்சுக்கும் இருப்பதில்லை, பத்திரிகைக்கும் இருப்பதில்லை.

இத்தகைய விடயங்களை ஆராயும் பொருளியலாளர்கள் இப்போது வினாக்கொத்துகளுடன் சென்று, இந்தத் தடுப்பூசிக்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வளர்ந்தோரிடம் கேட்கிறார்கள். பயனுள்ள முயற்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால், தாளில் எழுதும் தொகை வேறு, மடியை அவிழ்த்து எடுக்கும் தொகை வேறு. ஒரு பணம் சோழி எண்ணிக் கொடுத்த வங்காளத்து ஏழையிடம் எவரும் வினாக்கொத்து நீட்டவில்லை.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை அரசாங்கம் இலவசமாக ஏற்றுகிறது. வளர்ந்தோருக்கு அவ்வாறு இல்லை. இன்புளுவென்சா தடுப்பூசி போன்றவற்றை விரும்பினால் தனியார் வைத்தியசாலைகளில் பணம் கட்டித்தான் பெறவேண்டும். நீரிழிவு உள்ள தகப்பனாருக்கு அதை ஏற்றலாமே என்று சொன்னால், இந்த வயதில் அவருக்கு ஏன் வீண் செலவு என்பார்கள். அதே குடும்பத்தில் ஒருவர் ஹஜ் யாத்திரைக்குப் புறப்படும்போது சவூதி அரசாங்கம் கட்டாயமாக்கியிருக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கும், ஆபிரிக்க நாடொன்றுக்கு வேலைக்குச் செல்லும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கும் பேரம் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, சான்றிதழைக் கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஊசி எந்த நோய்க்கானது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.